இடது மணிக்கட்டு

மத்தியானம் படுத்தால் அவள் வந்து என் கையைப் பிடிப்பாள். ராத்திரியில் வந்தாலாவது, பேய் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். இவள் பட்டப்பகலில், ஜன்னல் திரை வெயிலில் மஞ்சளாகக் கிடக்கும்போது, எனக்குக் கண் செருகும் நேரமாகப் பார்த்து வருவாள். முகம் தெரியாது, குரல் கிடையாது. இடது மணிக்கட்டில் மட்டும் விரல்கள் பதியும். பதறி எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. முதல் தடவை அலறிவிட்டேன். அப்புறம் பயம் போய் எரிச்சல் வந்துவிட்டது.

"அக்கா, உனக்கு வேற வேலையே இல்லையா? புள்ளத்தாச்சிய வந்து இப்படியா மிரட்டுவ?" என்று சுவரைப் பார்த்துத் திட்டினேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. என் வீட்டுக்காரருடைய முதல் சம்சாரம். நான் இந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்குப் பல வருடம் முன்பே, வயிற்றில் இருந்ததையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் படுத்த கட்டிலில்தான் நான் படுக்கிறேன். ஜன்னல் திரை அவள் தைத்தது. உயிரோடு இருப்பவளாக இருந்தால் சண்டை போட்டு ஒரு வழி பண்ணியிருப்பேன். போனவளிடம் என்னத்தைப் போடுவது?

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். தொழில் அப்படி. பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணாடி ஓட்டை வழியாக ஒரே கேள்வி: "எப்ப வரும்?" நானும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: "வரும்போது வரும், போய் உக்காருங்க." வயிறு தெரிய ஆரம்பித்ததும் அதே ஆட்கள் வயிற்றைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார்கள். பிரசவ லீவு போடுகிற வரை நானும் அதே பதிலைச் சொன்னேன்.

என் வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் 'சவுண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபையர், மைக் எல்லாம் பழுது பார்க்கிறவர். கடை கீழே, வீடு மேலே. பேர்தான் சவுண்டே தவிர, நாள் முழுக்க அந்த மனிதர் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். ஆனால் காது இருக்கிறதே, அப்பப்பா! மாடிப்படியில் நான் செருப்பு மாற்றிப் போட்டு இறங்கினால் கீழேயிருந்து கண்டுபிடித்துவிடுவார்.

அந்தக் காதைத்தான் நான் நம்பினேன்.

டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை. ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே, "தண்ணி குறைஞ்சிருக்கும்மா. குழந்தை எடையும் போன தடவைக்கு இப்ப பெருசா ஏறல. உள்ள இருக்கிறதவிட வெளிய இருந்தா நான் நல்லா பாத்துப்பேன். இந்த வாரமே வலி வரவழைச்சு எடுத்துடலாம்" என்றார்.

"தேதிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கே" என்றார் சவுண்டு.

"இருக்கு. அதுவரைக்கும் அது தாங்கணுமே."

"மருந்து ஏத்துவீங்களா?"

"ஆமா. டிரிப்ஸ்ல போடுவோம். கூடவே இருந்து கண்காணிப்போம்."

இவர் எழுந்து நின்றுவிட்டார். "வேணாங்க. தானா வலி வரட்டும்" என்று சொல்லி என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார். டாக்டரம்மா கதவு வரை வந்து என்னிடம்தான் சொன்னார்: "அசைவு குறைஞ்சா உடனே வந்துடணும். என்ன நேரம்னு பாக்காதீங்க."

எனக்கு இவர் மேல் கோபம் வரவில்லை. அக்கா போனது டிரிப்ஸ் போட்ட படுக்கையில்தான் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் இவர் என்னிடம் சொன்ன ஒரே நீளமான பேச்சு அதுதான். "நல்லா நடந்துதான் உள்ள போனா. மருந்து ஏத்துனாங்க. ரெண்டு பேரையும் துணி போத்திக் குடுத்தாங்க." அதைக் கேட்ட பிறகு எந்தப் பெண்தான் அந்த ஊசிக்குக் கையை நீட்டுவாள்? வேண்டாம், வரும்போது வரட்டும் என்று நானும்தான் நினைத்தேன். மத்தியானம் வந்து கையைப் பிடிக்கிறவளும் அதற்குத்தான் வருகிறாள், போகாதே என்று இழுக்கிறாள், இல்லையென்றால் தன்னிடம் வா என்று இழுக்கிறாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

தினமும் சாயங்காலம் கடையைப் பாதி இறக்கிவிட்டு இவர் மேலே வருவார். கையில் அந்தக் கருவி. வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பதற்கு ஆஸ்பத்திரிகளில் வைத்திருப்பார்களே, அது. ஏதோ ஒரு கிளினிக்கிலிருந்து எப்போதோ பழுதுக்கு வந்து, யாரும் திரும்ப வாங்கிப் போகாதது. இவர் அதைச் சரிசெய்து, தன் சொந்த ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரும் வைத்திருந்தார். வயிற்றில் பசையைத் தடவி, கருவியின் ஒயர் முனையில் இருக்கும் கட்டையை வைத்தால் முதலில் ஒரே இரைச்சல், மழை பெய்கிற மாதிரி. இவர் குமிழைத் திருகுவார். இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, கடைசியில் ஒரே ஒரு சத்தம் மட்டும் நிற்கும். டுப், டுப், டுப் என்று அறை முழுக்க.

"அழுக்கை எடுத்துட்டா சத்தம் தானா நிக்கும்" என்பார். அந்த நேரத்தில் மட்டும் முகம் கனியும்.

ஒருநாள் கேட்டேன். "ஏங்க, ஆஸ்பத்திரில கேக்கும்போது தபதபன்னு ஓடுது. வீட்ல மட்டும் இப்படி ஆற அமர நடக்குதே?"

"அங்க நீ பயந்துபோய் இருக்க. அதான் புள்ளையும் பயந்து ஓடுது. வீட்ல நிம்மதியா இருக்கு."

எவ்வளவு அழகான பதில்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளைக்கு வீடு பிடித்திருக்கிறது என்று பக்கத்துக் கவுண்டர்காரியிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

அந்த வாரம் புதன்கிழமை அவளே என்னைப் பார்க்க வந்தாள். மூன்று பெற்றவள். சீட்டுக் கொடுக்கிற கவுண்டரில் எனக்கு அடுத்தவள். வந்து உட்கார்ந்ததும் என் வயிற்றில் உரிமையாகக் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவேயில்லை.

"என்னடி, தூங்குதா?"

"தூங்கும்போல."

"காலைல உதைச்சுதா?"

யோசித்துப் பார்த்தேன். காலையில் உதைத்ததா? நேற்று? போன வாரம் வரை விலா எலும்பில் காலை வைத்து அழுத்தி என்னை நிமிர விடாமல் பண்ணிக்கொண்டிருந்தது. அது எப்போது நின்றது என்றே எனக்குத் தெரியவில்லை. "லேசா அசையுதுடி. கடைசில இடம் பத்தாதுல்ல, அதான் அடங்கிருச்சு. சாயங்காலம் அவர் கேட்டாரு, கல்லு மாதிரி துடிக்குது" என்றேன்.

"இடம் பத்தலன்னா நெளியும்டி, அடங்காது. போய்க் காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகிறவளை நான் கிண்டல் பண்ணித்தான் அனுப்பினேன். ஆனால் அவள் போனதும் படுத்துக்கொண்டு இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக் காத்திருந்தேன். தட்டிப் பார்த்தேன். "ஏய் குட்டி, அம்மாடா, ஒரு தடவ உதைச்சுக் காட்டேன்" என்று கெஞ்சினேன். உள்ளே ஏதோ லேசாக உரசிய மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டுப், டுப், டுப். தரைக்கு அடியிலிருந்து. கட்டில் காலில் லேசாக அதிர்வு ஏறியது. கருவி அலமாரியில் அணைந்து கிடக்கிறது, என் பக்கத்தில் யாரும் இல்லை, ஆனால் வீட்டுக்கு அடியில் ஒரு இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. சுவரைப் பிடித்துப் பிடித்து மாடிப்படி இறங்கினேன்.

கடைக்குள் இவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே பெரிய ஸ்பீக்கர். அதில் ஒரு கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சத்தம் அதிலிருந்துதான் வந்தது.

"யாரோடதுங்க இது?"

திடுக்கிட்டு நிறுத்தினார். என் செருப்புச் சத்தம்கூட அவர் காதில் விழவில்லை என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார்.

"என் புள்ளையோடது. மொதப் புள்ளையோடது."

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்கு முந்தின சாயங்காலம் இவர் பதிவு பண்ணியதாம். அன்றைக்கும் இதே கருவிதான். மறுநாள் ஆஸ்பத்திரியில், குழந்தை உள்ளேயே இறந்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும், இனி வலி வரவழைத்து எடுத்தால்தான் தாயைக் காப்பாற்ற முடியும் என்று சொல்லி மருந்து ஏற்றினார்களாம். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்கவேயில்லையாம்.

"ரெண்டு நாளாச்சாம்! முந்தின சாயங்காலம் நானே காதால கேட்டிருக்கேன். இதோ, சாட்சி இருக்கு. உயிரோட இருந்த புள்ளைய மருந்தக் குடுத்துக் கொன்னுட்டு, எங்கிட்டயே பொய் சொல்றாங்க." இவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "திரும்ப உன்ன அவங்க கைல குடுக்கச் சொல்றியா?"

அவர் தலையைத் தடவிக் கொடுத்தேன். பாவம் மனிதர், பிள்ளை என்று அவருக்கு மிஞ்சியது அந்தச் சத்தம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு மேலே வந்து படுத்தேன். படுத்ததும் அழுகை வந்தது. அழுதபடியே கண் அசந்துவிட்டேன்.

அன்றைக்கு அவள் பிடித்த பிடி வேறு. இத்தனை நாள் விரல் பதிந்து விலகும். அன்றைக்கு விடவேயில்லை. எலும்பு வரை அழுத்தினாள். நான் இழுக்கிறேன், அவளும் இழுக்கிறாள். "விடு அக்கா, வலிக்குது, விடுடி!" என்று கத்தி எழுந்தேன்.

எதிரே இவர் கருவியோடு நின்றிருந்தார். சாயங்காலம் ஆகியிருந்தது.

"கனவா?"

"உங்க மொதப் பொண்டாட்டி" என்று சொல்ல வாய் வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டேன். அவளைப் பற்றி இவரிடம் நான் மூச்சு விட்டதே கிடையாது.

பசை தடவினார். கட்டையை வைத்தார். மழை இரைந்தது. குமிழைத் திருகினார். மழை அடங்கியது. டுப், டுப், டுப்.

"பாத்தியா? கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கு இடது கை இன்னும் கடுத்துக்கொண்டிருந்தது. வலது கையால் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டேன். தேய்த்த விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கே நரம்பு துடித்தது. ஸ்பீக்கரும் துடித்தது. இரண்டும் ஒன்றாகத் துடித்தன. முதலில் புரியவில்லை. ஏதோ விளையாட்டு போல விரலை அழுத்திக்கொண்டு கேட்டேன். ஒன்றுகூட முந்தவில்லை, ஒன்றுகூடப் பிந்தவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தேன். உள்ளே பயம் ஏற ஏற நரம்பு வேகமெடுத்தது. ஸ்பீக்கரும் வேகமெடுத்தது.

ஐயோ! நாங்கள் இத்தனை சாயங்காலம் கேட்டது என் பிள்ளையை இல்லை. என்னை.

"ஏங்க, கையக் குடுங்க" என்றேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் விரலைப் பிடித்து என் மணிக்கட்டில் வைத்தேன். "கேளுங்க. இதையும் கேளுங்க, அதையும் கேளுங்க."

அந்தக் காதுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் முகம் வெளுத்துப்போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அழுக்கைத் திரும்பக் கொண்டாங்க."

"என்ன?"

"அந்தக் குமிழத் திருப்பி வையுங்க! எடுத்ததையெல்லாம் திரும்ப வையுங்க!"

குமிழைத் திருப்பினார். மழை திரும்பி வந்து அறையை நிறைத்தது. இவர் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, கட்டையை என் வயிற்றில் மெல்ல மெல்ல நகர்த்தினார். மேலே, கீழே, ஓரத்தில். நான் மூச்சு விடவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வேண்டிக்கொண்டேன். அக்காவையும் வேண்டிக்கொண்டேன். இடுப்போரம் ஓரிடத்தில் இவர் கை நின்றது.

மழைக்குள்ளே, மிக அடியில், தபதபதப என்று ஒரு ஓட்டம். நூலாய், விட்டு விட்டு.

"இதை நான் இரைச்சல்னு நெனச்சேன்" என்றார். "தினமும் இதத்தான் எடுத்துப் போட்டேன்."

பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாய் திறந்தது. "அப்ப... அன்னிக்கு..."

"அன்னிக்குள்ளத அப்புறம் பேசலாம். எந்திரிங்க! வண்டியக் கூப்பிடுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் அசையவில்லை. அவர் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தேன். கட்டின நாளாக அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. வயிற்றில் பட்டையைக் கட்டி, குழந்தையின் துடிப்பு கோடாக ஓடுகிற திரையைப் பார்த்தபடி நின்றார். "களைச்சுப்போயிருக்கு. ஆனா இன்னும் தெம்பு மிச்சம் இருக்கு. இப்பவே ஆரம்பிச்சுடலாம். தாங்கலன்னு தெரிஞ்சா உடனே அறுத்து எடுத்துடுவேன். சம்மதமா?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தார்.

இவர் மேலே தொங்கிய டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் எதை எதிரி என்று நினைத்து வாழ்ந்தாரோ அது. சொட்டு விழுவதற்கு முன்னால் அவர் சம்மதம் வேண்டும்.

"போடுங்க" என்றார். சத்தமே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

வலி வந்தது. வந்தது என்ன, வரவழைத்தார்கள், அது ஊரையே கூட்டிக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிந்த வசவு எல்லாவற்றையும் செலவழித்துவிட்டேன். டாக்டரம்மா, நர்ஸ், சவுண்டு, யாரும் தப்பவில்லை. இவர் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கோடு சரிந்தது. எல்லோரும் ஓடி வந்தார்கள். என்னைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். கோடு ஏறியது. மறுநாள் விடிந்து, வெயில் ஜன்னலுக்கு வந்தபோது அவள் பிறந்தாள். சுருங்கிய முகம், ஒரு கைக்குள் அடங்குகிற உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத தொண்டை. பிறந்ததும் அவள் போட்ட சத்தத்தில் நர்ஸே சிரித்துவிட்டாள்.

"வாயப் பாரு, அம்மா மாதிரியே" என்றாள்.

டாக்டரம்மா மெலிந்து கிடந்த தொப்புள்கொடியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லவேளை வந்தீங்க" என்றார்.

மத்தியானம் போல இவர் வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துவருகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வர நேரமாகிவிட்டது. துணி கொண்டுவரவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அழுக்கெடுக்காத பதிவும் வெச்சிருந்தேன்" என்றார். "இப்பப் போய்க் கேட்டேன். வயித்துல எல்லா எடத்துலயும் வெச்சுக் கேட்டது அதுல இருக்கு. மறுபடி மறுபடி போட்டுப் பாத்தேன். உள்ள வேற ஒண்ணுமே இல்ல. அவ மட்டும்தான் இருக்கா."

குழந்தையின் துணியை இழுத்து மூடினேன்.

"அவங்க சொன்னது நெசம். நான்தான் இத்தன வருஷம் அவங்கள..." நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார். "அதுகூடப் பரவால்ல. அவளே சொன்னா."

"யாரு?"

"அவதான். அன்னிக்குச் சாயங்காலம், பதிவு பண்ணும்போது. தன் கையத் தானே பிடிச்சுக்கிட்டே சொன்னா. 'ஏங்க, இது என்னோடது மாதிரியே இருக்குங்க'ன்னா. நான் சிரிச்சேன். சத்தத்தப் பத்தி எனக்கே பாடம் நடத்துறியான்னு சிரிச்சேன். அவளும் சிரிச்சுட்டு விட்டுட்டா."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "எந்தக் கைய?"

"என்ன?"

"எந்தக் கையப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க?"

இவர் யோசிக்கவில்லை. தன் இடது மணிக்கட்டை வலது கை விரல்களால் பற்றிக் காட்டினார். காட்டிய கையை எடுக்காமலே, தோள் குலுங்கி அழ ஆரம்பித்தார். நான் குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். அது அழுகிற அப்பாவைச் சட்டை பண்ணாமல் தூங்கியது.

"அந்தப் பதிவ அழிச்சுடட்டுமா?" என்று கேட்டார்.

"அழிச்சீங்கன்னா கையை ஒடிச்சுடுவேன்" என்றேன். "அது அக்கா. வெச்சுக்கங்க."

வீட்டுக்கு வந்த பிறகு முதல் மத்தியானம், குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அதே கட்டிலில் படுத்தேன். திரை மஞ்சளாக இருந்தது. கீழே கடையில் இவர் அந்தப் பதிவைப் போட்டார். டுப், டுப் என்று தரை வழியாக ஏறி வந்தது. குழந்தை ஒருமுறை நெளிந்து, பிறகு அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போயிற்று. எனக்குக் கண் செருகியது.

"வா அக்கா, வந்து பாரு, யார மாதிரி இருக்கான்னு சொல்லு" என்று இடது கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டேன். வெகுநேரம் அப்படியே கிடந்தேன். கை மரத்துப்போயிற்று. யாரும் பிடிக்கவில்லை.